கப்பெல்லில் வீடு பார்க்கிறோம், அத்தை மாமாவுக்கும் தோதான ஊரா?

எடிசன்_கவி:

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு லாஸ் கொலினாஸில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனுக்குள் டாலஸ் பக்கம் வந்துவிட வேண்டும். பத்து வருஷமாக நியூஜெர்சி எடிசனில் அபார்ட்மெண்ட் வாசம். இந்தத் தடவையாவது சொந்த வீடு என்று முடிவு செய்துவிட்டோம். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள், சின்னவன் கிண்டர்கார்டன்.

யாரைக் கேட்டாலும் ஃபிரிஸ்கோ அல்லது கப்பெல் என்கிறார்கள். ஃபிரிஸ்கோ என்றால் இவர் தினமும் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். கப்பெல்லில் ஒரு வீடு மனசுக்குப் பிடித்திருக்கிறது. 1989-இல் கட்டியது, விலை 6 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். விளம்பரத்தில் வருஷ வரி 6,800 டாலர் என்று போட்டிருக்கிறது. டெக்சஸ் வரி என்றால் பயமுறுத்துவார்களே, இது எடிசனைவிடக் குறைவாக அல்லவா தெரிகிறது? பள்ளியும் நல்ல பள்ளி என்று கேள்வி.

என் பெரிய கவலை வேறு. அத்தையும் மாமாவும் வருஷத்தில் ஆறு மாதம் எங்களோடு இருப்பார்கள். இங்கே மாமா ஓக் ட்ரீ ரோடு வரை நடந்தே போய்க் கீரை வாங்கி வருவார். அங்கே அவரை வீட்டுக்குள் அடைத்துப் போட்டது மாதிரி ஆகிவிடுமா?

கால்வாய்க்கரை:

மூன்று வருஷம் வேலி ராஞ்சில் வாடகைக்கு இருந்தோம். அது கப்பெல் இல்லை, இர்விங். ஆனால் பிள்ளைகள் போனது கப்பெல் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது பள்ளிகளை நடத்தும் தனி வட்டாரம், அதன் எல்லை வேறு. சைப்ரஸ் வாட்டர்ஸும் அப்படித்தான்: நிலம் டாலஸ் நகரத்தைச் சேர்ந்தது, அங்கே நார்த் லேக் ஓரமாக 2014-இல் திறந்த லீ எலிமெண்டரி கப்பெல் டிஸ்ட்ரிக்ட் பள்ளி. அதனால் வந்த உடனே வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை. ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள், பள்ளியும் கிடைக்கும்.

சாண்டிலேக்_வாசி:

சகோதரி, முதல் வேலையாக அந்த 6,800-ஐ மறந்துவிடுங்கள். அது உங்கள் வரி இல்லை, இப்போது அந்த வீட்டில் இருப்பவருடைய வரி. அவருக்கு 65 வயது தாண்டியிருக்கும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டே சொல்வேன். 65 ஆன வருஷத்தில் பள்ளி வரி எவ்வளவோ, அதற்கு மேல் ஏறாதபடி டெக்சஸில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அது போக, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று இன்னொரு வரம்பு உண்டு. வீடு கைமாறியதும் இரண்டும் கழன்றுவிடும். புது ஆளுக்கு எல்லாம் முதலிலிருந்து. எல்லா வரியும் சேர்த்து ஏறத்தாழ 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்குகள் எல்லாம் கழித்தாலும் உங்களுக்கு 10,000 டாலர் பக்கம் வந்து நிற்கும். மாநில வருமான வரி இல்லை என்பதால் கணக்கு ஓரளவு சரியாகிவிடும், அது வேறு விஷயம்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2016-இல் வாங்கினேன், 3 லட்சத்து 90 ஆயிரம். விற்றவர் ஓய்வுபெற்ற பெரியவர். விளம்பரத்தில் வரி 5,100 என்று இருந்தது. கடன் கொடுத்த இடத்திலும் அதையே வைத்துக் கணக்குப் போட்டார்கள், நானும் தலையாட்டினேன். மறு வருஷம் வந்த பில் 9,400. எஸ்க்ரோவில், அதாவது வரிக்கென்று தவணையோடு பிடித்து வைக்கும் கணக்கில், விழுந்த துண்டையும் பிடித்து, இனிமேல் வரப்போவதற்கும் சேர்த்து, மாதத் தவணையை 700 டாலருக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீடு முடிந்ததும் ஓட்டுநர் உரிமத்தில் புது முகவரியை மாற்றி, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு விண்ணப்பம் போடுங்கள். பள்ளி வரிக்கான விலக்கு 2023-இல் 40,000-இலிருந்து 1 லட்சம் டாலராக ஏறியது, 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு 1 லட்சத்து 40 ஆயிரம். விண்ணப்பம் இலவசம். காசு கொடுத்தால் நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒன்று தபாலில் வரும், குப்பையில் போடுங்கள்.

அடுத்தது வீட்டின் வயது. 1980-இல் இந்த ஊரில் 3,826 பேர்தான். ஏர்போர்ட் 1974-இல் வந்த பிறகு மெதுவாகச் சூடு பிடித்து, 1990-இல் 16,881, 2000-இல் 35,958. அதற்கப்புறம் இடமே இல்லை. 2020 கணக்கெடுப்பிலும் 42,983-தான். ஆக, எந்தத் தெருவில் நுழைந்தாலும் பெரும்பாலும் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய வீடுதான் கண்ணில் படும். மரங்கள் பெரிசாக இருக்கும், பார்க்க அழகு. ஆனால் கீழே இருப்பது களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், வீடு அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் ஆகஸ்ட் வந்தால் மாடிப் படுக்கையறைக் கதவு சட்டத்தில் உரசும், தாழ்ப்பாள் அரை விரற்கடை தள்ளி நிற்கும். அக்டோபர் மழைக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடும். கதவு நிலையின் மூலையிலிருந்து மேலே சாய்வாக ஒரு விரிசல்; இரண்டு தடவை பூசிப் பெயிண்ட் அடித்தேன், திரும்ப வந்துவிட்டது. இப்போது வீட்டைச் சுற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கசியும் ஹோஸ் போட்டுக் கோடை முழுக்கத் தண்ணீர் விடுகிறேன். வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னால், செடிக்குத்தானே என்று மூன்று தடவை கேட்டார்.

அதனால் வாங்கும் முன் தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரைக் கூட்டிப் போங்கள். ஃபவுண்டேஷன் சரிசெய்கிறவர்களையே கேட்டால், சரிசெய்ய வேண்டும் என்றுதான் சொல்வார்கள், வேறென்ன சொல்வார்கள்? ஏற்கெனவே கீழே தூண் இறக்கியிருந்தால் பயப்பட வேண்டாம். அதன் உத்தரவாதம் உங்கள் பேருக்கு மாறுமா என்று மட்டும் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கூரையின் வயதையும் கேளுங்கள். இங்கே ஆலங்கட்டி மழை சாதாரணம். அந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸில் நாம் முதலில் போட வேண்டிய பங்கைப் பெரும்பாலும் சதவீதமாக வைத்திருப்பார்கள். 6 லட்சத்துக்குக் காப்பீடு எடுத்த வீட்டில் 2 சதவீதம் என்றால் 12,000 டாலர் நம் கையிலிருந்து.

இப்போது உங்கள் மாமா. கடைக்கு நடந்து போய்க் கீரை வாங்குவதை மறந்துவிட வேண்டியதுதான். இந்தியக் கடைக்குக் கார் வேண்டும். ஊருக்குள் டார்ட் (டாலஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்து) பஸ்ஸும் கிடையாது. 1989-இல் வாக்கெடுப்பு நடத்தி டார்ட்டிலிருந்து வெளியே வந்த ஊர் இது. 2025 அக்டோபரில் சில்வர் லைன் ரயில் வந்துவிட்டது, சைப்ரஸ் வாட்டர்ஸில் ஏறினால் ஒரு பக்கம் ஏர்போர்ட், மறு பக்கம் ப்ளேனோ வரை போகலாம். ஆனால் அந்த ஸ்டேஷனுக்கே யாராவது காரில் கொண்டுவிட வேண்டும்.

ஆனாலும் அப்பாவை இங்கே வைத்திருந்த இரண்டு கோடையையும் வைத்துச் சொல்கிறேன், அடைபட்ட மாதிரி இருக்காது. ஆண்டி பிரவுன் பார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு பாருங்கள், அவ்வளவுதான். அப்பா காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். பத்து மணிக்கு மேல் ஜூலை வெயில் ஆளை வறுத்துவிடும். குளத்தைச் சுற்றி மூன்று சுற்று, அப்புறம் பெஞ்ச். அங்கே ஒரு தெலுங்குப் பெரியவர், ஒரு குஜராத்திப் பெரியவர். மூவருக்கும் பொதுவான மொழி உடைந்த ஆங்கிலமும் சர்க்கரை அளவும். தெற்கிலிருந்து காற்றடிக்கிற நாட்களில் வடக்கேயிருந்து வந்து இறங்கும் விமானங்கள் தாழ்வாகத் தெரியும். அப்பா எண்ணுவார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு நாப்பத்தேழு, அதுல ஒண்ணுகூட நம்ம ஊருக்குப் போறதில்ல" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, காபியை நீட்டினேன். மத்தியானத்துக்குக் காஸ்பி நூலகம் இருக்கிறது, ஏசி உண்டு.

விமானச் சத்தம் பழகிவிடும் என்று சொல்வார்கள். மேற்குப் பக்கம் வீடு என்றால் நம்பாதீர்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் கொல்லையில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. இங்கே வந்ததும் காப்பெல் என்று சொல்லாதீர்கள், கப்பெல், அழுத்தம் பின்னால். ரயில் கம்பெனியோடு தொடர்புள்ள ஜார்ஜ் கப்பெல் என்பவரின் பெயர் அது. அதற்கு முன்னால் கிப்ஸ் என்று இருந்ததாம். அப்படியே விட்டிருந்தால் நமக்குச் சுலபம்.

ஃபிரிஸ்கோ_மாப்பிள்ளை:

இவ்வளவு பாடு எதற்கு? அதே காசுக்கு இங்கே புதிய வீடு, புதிய கூரை. ஹோஸ் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் விட வேண்டிய வயசும் ஆகவில்லை. ஆபீசுக்கு வாரத்தில் மூன்று நாள் போனால் போதும் என்றால் அந்த ஓட்டம் பெரிய விஷயமே இல்லை.

சாண்டிலேக்_வாசி:

மாப்பிள்ளை, உங்கள் வீட்டுக்குக் கீழேயும் அதே களிமண்தான். பத்து வருஷம் கழித்து ஹோஸ் நீளம் எவ்வளவு என்று கேட்பீர்கள், சொல்கிறேன். ஆனால் மூன்று நாள் கணக்கு நியாயம். சகோதரி, அவருக்கு வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ்?

எடிசன்_கவி:

ஐந்து நாளும் போக வேண்டும். அதனால் ஃபிரிஸ்கோ வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார்.

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு வரிக்காக வீடுகளை மதிப்பிடும் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் அந்த வீட்டைத் தேடிப் பார்த்தேன். 65 வயது விலக்கு என்று அப்படியே போட்டிருக்கிறது! அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. முகவரி கப்பெல், தபால் எண்ணும் கப்பெல், ஆனால் பள்ளி என்ற இடத்தில் காரல்டன்–ஃபார்மர்ஸ் பிராஞ்ச் என்று இருக்கிறது. தப்பாக ஏறியிருக்குமா? வீட்டுத் தரகர், அதான் ரியல்ட்டர், கப்பெல் பள்ளி என்றுதான் சொன்னார்.

சாண்டிலேக்_வாசி:

தப்பே இல்லை. மெக்காதர் பக்கம், ரிவர்சேஸ் ஓரமாக இருக்கிற வீடா? அங்கே நகரம் கப்பெல், பள்ளி காரல்டன்–ஃபார்மர்ஸ் பிராஞ்ச். சில தெருக்கள் லூயிஸ்வில் பள்ளிக்குக்கூடப் போகும். நண்பர் மேலே சொன்ன வேலி ராஞ்சுக்கு இது நேர் தலைகீழ். நகரத்துக்கு ஒரு கோடு, பள்ளிக்கு ஒரு கோடு, தபால்காரருக்கு ஒரு கோடு, எதுவும் எதோடும் ஒட்டாது. ரியல்ட்டர் சொல்வதையும் வீட்டு விளம்பரத்தையும் விட்டுவிட்டு, கதவு எண்ணோடு பள்ளி டிஸ்ட்ரிக்ட் தளத்திலேயே தேடுங்கள். எந்த எலிமெண்டரி என்பதையும் இந்த வருஷத்துக்குப் பாருங்கள். பிள்ளைகள் குறைந்துபோய் பிங்கர்டன் பள்ளியை 2025-இல் மூடிவிட்டார்கள், அதோடு எல்லைகளும் நகர்ந்தன.

அந்தப் பள்ளி மோசம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மூத்தவளோடு நேரில் போய்ப் பாருங்கள், பிடித்தால் அதுவே போதும். ஆனால் கப்பெல் பள்ளி என்று நினைத்து, அதற்கான விலையைக் கொடுத்துவிட்டு, ஆகஸ்ட்டில் பதிவு செய்யப் போகும்போது தெரிந்துகொள்ளாதீர்கள்.

எடிசன்_கவி:

ரியல்ட்டரிடம் கேட்டேன். "ஓ, அப்படியா" என்றார்! அந்த வீட்டை விட்டுவிட்டோம். டென்டன் டாப் ரோட்டுப் பக்கம் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம், பார்க்குக்கு நடக்கிற தூரம், இரண்டுமே கப்பெல் டிஸ்ட்ரிக்ட் என்று கதவு எண்ணோடு பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் நேரில் வருகிறோம். ஒன்றில் முன்பே தூண் இறக்கியிருக்கிறார்கள், காகிதம் கேட்டிருக்கிறேன். மாமா கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: அங்கே தரையில் கறிவேப்பிலை வருமா?

சாண்டிலேக்_வாசி:

வரும், செழிக்கும், ஒரு நாள் ராத்திரியில் போய்விடும். நான் கொல்லையில் வைத்திருந்தது ஆறடி உயரம். 2021 பிப்ரவரி உறைபனியில் கரண்ட் இல்லாமல் குழாய் வெடிக்காமல் இருக்கட்டும் என்று வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தோம், மரத்தை யார் பார்த்தார்கள்? அதனால் தொட்டியில்தான் வைக்க வேண்டும், நவம்பர் கடைசியில் உள்ளே இழுத்துவிட வேண்டும். சக்கரம் வைத்த தட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாமா முதுகைப் பிடித்துக்கொள்வார். கன்று வாங்க வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது. வரும்போது தனிச்செய்தி போடுங்கள்.