புதுப்பிப்பு: எங்கள் சபைப் பெண்கள் சங்கம்

ஓணத்துக்கு முன்னால் கேட்டிருந்தேனே, கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கத்துச் சின்னக் கிறிஸ்தவ சபை, பெண்கள் சங்கத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வரவில்லை, என்ன செய்யலாம் என்று? இப்போது இருபதுக்குக் குறைவதில்லை.

தப்பு என்னுடையதுதான். சனி சாயங்காலம் நாலு மணிக்கு வைத்திருந்தேன். அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) அந்நேரம் வேலை விட்டிருக்காது! ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முக்கால் மணி நேரம், கட்டன்சாயாவோடு (பால் சேர்க்காத டீ), என்று மாற்றினோம்.

இன்னொன்றும் புரிந்தது. கேரளத்துப் பாறசாலைப் பக்கமிருந்து வந்த மருமகள்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வேதம் வாசிக்கச் சொல்வோமென்று பயந்தே வரவில்லையாம். இப்போது வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வசனம் தமிழில், அடுத்தது மலையாளத்தில். அவர்களுக்கு அது 'சங்கீர்த்தனம்'. வேதத்தில் வரும் மருமகள் ரூத், மாமியார் நகோமி கதையைப் படித்த அன்று மாமியார்மார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் பேசுவதையும் குறைத்தேன் (கஷ்டம்தான்). வேதத்தில் தீத்து 2-ம் அதிகாரத்தில் முதிர்வயதுள்ள ஸ்திரீகள் பாலிய ஸ்திரீகளுக்குப் படிப்பிக்க வேண்டும் என்றுதானே இருக்கிறது. மாதம் ஒரு அக்கா நடத்துகிறார்.

சீட்டுப் பிடிக்கலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்கவில்லை. பணம் புகுந்தால் பிணக்கு வரும். மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாளை இந்த முறை மருமகள்களே நடத்தப் போகிறார்கள்.