யூரியா போடும் முன் வேரைப் பாருங்கள்

குமார்: சோயா விதைத்து மூன்று வாரம் தாண்டிவிட்டது. செடி மஞ்சளாக நிற்கிறது. நாளைக்கு யூரியா தூவலாமா சித்தப்பா?

சித்தப்பா: பொறு. மஞ்சள் அடியிலையிலா, கொழுந்திலா?

குமார்: அடியிலைதான்.

சித்தப்பா: அப்படியென்றால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறை. கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்கலாம். நாலு செடியை மண்வெட்டியால் தோண்டி எடு. கையால் பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும்.

அக்கா: முடிச்சா? நூற்புழு வந்தால் வீங்குமே, அதுவா?

சித்தப்பா: இல்லையம்மா, அதில் வேரே தடித்துப்போகும். இது வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தள்ளினால் உதிரும். உள்ளே இருக்கும் பிராடிரைசோபியம் பாக்டீரியாதான் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக் கொடுக்கிறது. குமார், நகத்தால் கீறிப் பார். இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது.

குமார்: முடிச்சு சிறிதாக இருக்கிறது. சிலது சிவப்பு, மற்றது வெள்ளை.

சித்தப்பா: சரி, வெள்ளை இனிமேல்தான் தொடங்கும். விதையிலிருந்த சத்து தீர்ந்துவிட்டது, முடிச்சு இன்னும் முழுதாக வேலைக்கு வரவில்லை. நடுவில் செடி கொஞ்சம் வெளிறத்தான் செய்யும். இப்போது யூரியாவைக் கொட்டினால் மண்ணில் நைட்ரேட் ஏறி முடிச்சு சோம்பிவிடும். ஓசியில் வருவதைக் காசு கொடுத்து நிறுத்துவானேன்?

அக்கா: அப்போ உரமே வேண்டாமா?

சித்தப்பா: யார் சொன்னது? மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறைச் செடிக்கு ஏற்றபடி மாற்றக் குறைந்தது 16 ஏடிபி செலவாகிறது; ஏடிபி என்பது உயிரணுவுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு, அந்த ஏடிபிக்குள் இருப்பதே பாஸ்பரஸ்தான். புரதத்துக்குக் கந்தகமும் வேண்டும், விதையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதமாயிற்றே. அப்புறம் மாலிப்டினம். துளிதான் தேவை, ஆனால் அது இல்லாமல் நைட்ரஜனை மாற்றும் நைட்ரஜனேஸ் நொதி ஓடாது. குமார், மண் பரிசோதனைச் சீட்டில் பிஎச் எவ்வளவு?

குமார்: 5.2 சித்தப்பா.

சித்தப்பா: அதைச் சொல்லவே இல்லையே! 5.2 என்றால் அமில மண். அதில் மாலிப்டினம் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. பாக்டீரியாவுக்கும் அந்த மண் ஒத்துக்கொள்ளாது. அடுத்த விதைப்புக்குச் சில மாதம் முன்பே அமிலம் குறையச் சுண்ணாம்பு போட்டுவிடு.

குமார்: இப்போதைக்கு?

சித்தப்பா: பத்து நாள் பார். பச்சை திரும்பாமல், முடிச்சும் சிவக்காமல் இருந்தால் படம் அனுப்பு, யூரியாவைப் பற்றி அப்போது பேசலாம்.

அக்கா: நான் அவரையையும் தோண்டப் போகிறேன் 😄

சித்தப்பா: ஓரச்செடி ஒன்று போதும்மா!