கடைக்குள் கால் வைத்ததும் வரும் அந்த நாலடிக்கு என்ன பெயர்?

ரோஸ் ஹில்லிலிருந்து:

மொரீஷியஸிலிருந்து அனைவருக்கும் வணக்கம். வியாழன் மாலைக்குள் ஒரு பாடத்தாள் அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன்.

என் மாலை வகுப்பில் பாதிப்பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நரியும் காக்கையும் படித்துச் சலித்துவிட்டார்கள். அதனால் இம்முறை கடை வாசலை எப்படி அமைப்பது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். பெயர்ப்பலகை, படி, காட்சிக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. கதவைத் தாண்டியதும் வரும் முதல் சில அடிகளுக்குத்தான் இல்லை. கடைகளில் மக்கள் நடமாட்டத்தைக் கவனித்தே பேர் வாங்கிய அமெரிக்கர் பாகோ அண்டர்ஹில் அதை டிகம்ப்ரெஷன் ஸோன் என்கிறார். கடையின் அளவைப் பொறுத்து 5 முதல் 15 அடி வரை இருக்கும். வெயிலிலிருந்து வருபவரின் கண் அங்கேதான் பழகுகிறது, நடையின் வேகம் அங்கேதான் தணிகிறது. அந்த இடத்தில் எதை வைத்தாலும் வீண்.

சென்ற சனிக்கிழமை இங்கே ஒரு துணிக்கடையில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். கூடைகளைக் கதவுக்குப் பின்னாலும், தள்ளுபடி ரவிக்கைகளை வாசலிலும் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டி வந்தார், குடையை மடக்கினார். குடைக்கம்பி ஒரு ரவிக்கையில் மாட்டிக்கொண்டது. அதைப் பொறுமையாக விடுவித்தார், விலைச்சீட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே போனார். கூடையும் எடுக்கவில்லை. கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு கக்கத்தில் குடையும் மறு கக்கத்தில் சேலையுமாக நிற்கிறார். மூன்றாவதாக ஒன்றை எடுக்கக் கையில்லை.

இந்த இடத்துக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அமுக்கநீக்க மண்டலம். மூலச்சொல்லின் இரண்டு பகுதிகளும் அப்படியே வந்துவிடுகின்றன.

ரோஸ் ஹில்லிலிருந்து:

ஐயா, எங்களுடையது கடல் சூழ்ந்த தீவு, முக்குளிப்போர் நிறைய உண்டு. ஆழத்திலிருந்து நின்று நின்று மேலே வருவதற்கு அமுக்கநீக்கம் என்ற சொல் பொருந்தும். துணிக்கடை வாசலில் எழுதினால், உள்ளே போக மூச்சுக்குழாய் வேண்டுமா என்று கேட்பார்கள்.

டர்பனிலிருந்து:

முன்றில். கைவசம் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்? இல்முன் என்பது முன்பின்னாக மாறி முன்றில் ஆயிற்று. இலக்கணப்போலிக்கு எல்லா ஆசிரியரும் காட்டும் எடுத்துக்காட்டு. இல்வாய் வாயில் ஆனதும் அப்படியே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடை என்ற சொல்லுக்கே வாயில் என்றுதான் பழைய பொருள். தலைக்கடை, புறங்கடை எல்லாம் நினைவிருக்கட்டும். வீட்டு வாயிலில் வைத்துப் பொருள் விற்றதால்தான் அங்காடிக்குக் கடை என்ற பெயர் வந்தது என்பது என் நெடுநாள் கட்சி. ஆகவே கடை வாசல் என்று நீங்கள் தலைப்பிட்டிருப்பதே வாசல் வாசல் என்று எழுதியதற்குச் சமம்.

சென்னையிலிருந்து:

அப்படியானால் கடைவாய்ப்பல்லை எந்த வாசலில் வைப்பது? கடை என்றால் முதலில் முடிவு. வாயில் வீட்டின் முடிவு, அவ்வளவுதான்.

டர்பனிலிருந்து:

முடிவு என்பதைத்தான் நானும் சொல்கிறேன். வீட்டின் முடிவில் விற்றார்கள்.

ரீயூனியன், சென் பியேரிலிருந்து:

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்றில் வீட்டுக்கு வெளியே இருப்பது, அக்கா கேட்பதோ கதவுக்கு உள்ளே. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வராங் உண்டு, மொரீஷியஸிலும் உண்டு. வெயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒதுங்குகிற இடம். சொன்னால் பாமரருக்கும் புரியும். ஆனால் அதுவும் வெளியேதான், தமிழும் இல்லை.

பாடத்தாளைப் பற்றி ஒரு சந்தேகம். அமெரிக்கர்கள் கடைக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் சாய்வார்கள், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இடப்பக்கம் என்று அண்டர்ஹில் எழுதியிருக்கிறார். சாலையில் எந்தப் பக்கம் ஓட்டுகிறோமோ அந்தப் பக்கம். உங்களுக்கு இடம், எங்களுக்கு வலம். உங்கள் தாளை நான் இங்கே பயன்படுத்தினால் படத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

மோக்காவிலிருந்து:

ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா குறுக்கிடுகிறேன். சொல் இருக்கிறது: இடைகழி. தெருவாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் உள்ள நடை. பேச்சில் தேய்ந்து ரேழி ஆனது இதுதான். திருக்கோவலூரில் மழை இரவில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கிய இடம். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். அந்த இடத்தை மூவரில் ஒருவரான பொய்கையார் "கடைகழியா உள்புகா" என்கிறார். வாசலைத் தாண்டி வெளியேயும் போகாமல், உள்ளேயும் புகாமல். உங்கள் அமெரிக்கர் பக்கம் பக்கமாகச் சொன்னதை இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

சென் பியேரிலிருந்து:

அம்மா, அழகு. ஆனால் அந்த இடைகழியில் மூவரும் நெருக்குண்டு நின்றார்கள், நாலாவதாகப் பெருமாளும் வந்து நெருக்கினார். கடையில் பின்னாலிருந்து ஒருவர் இடித்தால் பெண்கள் கையில் எடுத்த பொருளையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று அதே அண்டர்ஹில் சொல்கிறார். நாம் கேட்பது நெருக்கம் இல்லாத இடம் அல்லவா?

மோக்காவிலிருந்து:

பெருமாள் வருகிற அன்று நெருங்கட்டும் மகளே. மற்ற நாளில் காலியாக இருக்கட்டும்.

சென்னையிலிருந்து:

ஒற்று? இடைகழியா, இடைக்கழியா?

டர்பனிலிருந்து:

ஒற்றுப் போட்டால் வேறு பொருள். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட நிலம் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் அந்த நாட்டு நல்லூர்க்காரர். ஒற்று இல்லாவிட்டால் நடை. இதையெல்லாம் வகுப்பில் விளக்கவே ஒரு மாதம் ஆகும். முன்றிலில் இந்தத் தொல்லையே இல்லை.

ரோஸ் ஹில்லிலிருந்து:

இன்று புதன். மாணவர்களிடம் கேட்டேன். இடைகழி என்று கரும்பலகையில் எழுதியதும், இடுப்பில் செருகும் கழியா என்று ஒருவன் கேட்டான். பின்வரிசைப் பெண் "கண் பழகும் இடம்" என்றாள். எனக்கு அதுவே போதும் போலிருக்கிறது.

சென்னையிலிருந்து:

அது விளக்கம், கலைச்சொல் அன்று. இப்படி இறங்கிக்கொண்டே போனால் மொழி என்ன ஆவது?

ரோஸ் ஹில்லிலிருந்து:

ஐயா, 1998 நவம்பரில் இங்கே புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று கொதித்தெழுந்தோம். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, மறு ஆண்டு தமிழை மேலே ஏற்றி அச்சிட்டார்கள். எனக்கு இன்றும் அதில் பெருமைதான். ஆனால் அந்த நோட்டைக் கல்லாவில் வாங்கிப் போடும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வரியைப் படிக்கிறார்கள்? என் வகுப்பில் இருபத்திரண்டு பேர். அவர்களுக்குப் புரிய வேண்டும்.

மோக்காவிலிருந்து:

இரண்டையும் போடு அம்மா. தலைப்பில் இடைகழி, கீழே அவள் சொன்னது.

சென் பியேரிலிருந்து:

எனக்கும் சம்மதம். நேரமாகிவிட்டது.

ரோஸ் ஹில்லிலிருந்து:

தாள் அச்சுக்குப் போய்விட்டது. மோக்கா அம்மா சொன்னபடியே. இடப்பக்கம் சாயும் படத்துடன். சென்னை ஐயா பதில் போடவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து:

சம்மதம் இல்லை. மின்வெட்டு.

டர்பனிலிருந்து:

என் மறுப்பையும் பதிவு செய்க. முன்றிலில் றகரம் எங்கிருந்து வந்தது என்பது பற்றி நாளை தனி மடல் வரும்.