கொறங்காடு தரிசாம்ல?

கொறங்காட்டுக்காரன்: காங்கேயத்தை சுத்தி ஏக்கர் கணக்குல தரிசா கிடக்கு, சோலார் போட்டுடலாம்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்காரு. படிச்சதுலருந்து மனசு ஆறல. அது தரிசு இல்லைங்க, கொறங்காடு, ஆடு மாடு மேய்க்கறதுக்குன்னே வேலி போட்டு வெச்ச காடு. கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்வேல மரம், சுத்தி முள்ளுக்கிளுவை வேலி. எங்கப்பாரு கையில முள்ளு கிழிக்க கிழிக்க கிளைய வெட்டி போத்தா நட்டு வளத்த வேலி. தரிசுக்கு எவனாச்சும் வேலி வெப்பானா?

பல்லடம் ரோடு: எழுதுனது நான்தான். உழவு இல்ல, வெதப்பு இல்ல, பாதி வருஷம் பச்சையே இல்ல. தரிசுதான்.

கொறங்காட்டுக்காரன்: ஐப்பசி மழைக்கு புல்லு தன்னால வரும், எதுக்கு வெதைக்கணும்? காட்டை துண்டு துண்டா பிரிச்சு மாத்தி மாத்தி மேய்ப்போம், கோடைல புல்லு காஞ்சா வெள்வேலங்காய் உதிரும், ஆடு அதைப் பொறுக்கித் தின்னே சித்திரையத் தள்ளிரும். தரிசு இல்ல.

வெள்ளகோவில் கடைமடை: பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கா தண்ணி ஒழுங்கா வந்தா இந்தப் பேச்சே இல்ல. மேல இருக்கறவங்க உறிஞ்சிட்டு விட்டா எங்க வாய்க்காலுக்கு ஈரந்தான் வருது.

பல்லடம் ரோடு: ரெண்டு லிட்டர் கறக்கற மாட்டுக்கு பத்து ஏக்கரா?

கொறங்காட்டுக்காரன்: பாலுக்கா வளத்தோம்? உழவுக்கும் கெணத்துல கவலை கட்டி தண்ணி எறைக்கவும் பாரம் இழுக்கவும் வளத்த காங்கேயம் மாடுங்க. செவலையா, செவப்பா பொறக்கற கன்னு ஆறு மாசத்துல மயிலையா, சாம்பல் நிறமா மாறும், பாத்திருக்கியா? காங்கேயம் மாடு வளக்கறதுல பேர் போன பழையகோட்டை பட்டக்காரர் பட்டியில அத்தனை மாடும் வளந்தது இந்தப் புல்லுலதான். 2017ல காளைக்காக மெரினால நின்னீங்க, காளைக்கு மேய்ச்சக்காடு மட்டும் தரிசா?

தென்னந்தோப்பு: ரொம்ப பேசாதீங்க, உங்க பங்காளியே கொறங்காட்டை வித்து அங்க இப்ப கொப்பரை காயுது.

கொறங்காட்டுக்காரன்: பங்காளி வித்ததுக்கு நான் என்ன பண்ண? பத்திரம் பதியற அன்னிக்கு எங்கம்மா சோறு திங்கல. நீ ஆயிரம் அடிக்கு போர் போட்டு எங்க கெணத்தை வத்த வெச்சியே, அதைப் பேசுவமா?

தென்னந்தோப்பு: என் காசு, என் காடு.

வெள்ளகோவில் கடைமடை: தண்ணி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல.

பல்லடம் ரோடு: உழாத நிலம் தரிசு. அவ்வளவுதான்.

கொறங்காட்டுக்காரன்: பட்டாவுல புஞ்சைன்னு இருக்கு. நாளைக்கு காலைல படலைத் தொறந்து விடறப்ப போட்டோ போடறேன், பதினோரு உருப்படி மேயும், எண்ணிப் பாத்துட்டு வந்து பேசு.

பல்லடம் ரோடு: போடுங்க. போட்டாலும் தரிசுதான்.