புதுப்பிப்பு: மங்கலாக வந்த கற்களுக்கு மெருகு ஏறிவிட்டது

காங்கேயம் பக்கம் வாங்கிய ரோஸ் குவார்ட்ஸ் கற்களைக் காரைக்குடி வீட்டில் மெருகேற்ற, சுழலும் டிரம் உள்ள இயந்திரத்தில் பொடியோடு உருட்டுகிறேன், பாலிஷ் கட்டம் முடிந்தும் வெண்மூட்டமாகவே நிற்கின்றன, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது ஈரம் துடைத்த பிறகும் பளபளக்கின்றன!

கோளாறு பாலிஷ் பொடியில் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஊசிமுனைக் குழிகளுக்குள் சாம்பல் நிறச் சேறு அப்படியே அப்பியிருந்தது. அது முந்தின கட்டத்து அரைக்கும் பொடியான சிலிக்கன் கார்பைடு. அதில் கொஞ்சம் பாலிஷ் பொடியான அலுமினியம் ஆக்சைடோடு கலந்து சுற்றினாலே எல்லாக் கல்லிலும் கீறல் விழும். குழியும் விரிசலும் உள்ளவற்றை மறுபடி 60/90 கரட்டுப் பொடிக்கே (எண் கூடக்கூடப் பொடி நைசாகும்) அனுப்பினேன். மற்றவற்றைப் பழைய பல் பிரஷால் தேய்த்து, சோப்புத் துருவலும் தண்ணீரும் மட்டும் போட்டு ஓட்டி, அப்புறம் 500 பொடி, பிறகு பாலிஷ். டிரம் முக்கால்வாசி நிறைய வேண்டும். கல் குறைந்தால் பீங்கான் உருண்டைகள் போடுங்கள், இல்லாவிட்டால் மோதி விளிம்பு தெறிக்கும்.

வளவில் (வீட்டின் முதன்மை முற்றத்தில்) ஓடிய இயந்திரம் பின்னால் உள்ள இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டது. இரவெல்லாம் சத்தம் என்று ஆச்சி சொன்னார்கள், நியாயம்தான்.

கழிவுச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாயில் சிமெண்ட் போல இறுகிவிடும்.

அடுத்து சந்திரகாந்தக் கல். மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) அதன் கடினம் 6 சொச்சம்தான்; 7 உள்ள குவார்ட்ஸோடு சேர்க்க மாட்டேன். உருட்டியவர்கள் இருந்தால், நேராக 220 பொடியில் தொடங்கலாமா, சொல்லுங்கள்.