டென்னிஸ் வீரர்களின் நடத்தை: அபராதம் என்பது தண்டனையா, கட்டணமா?

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

கடந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பு 7 இல் ஒரு கழகத்தின் செம்மண் தரையில் நடைபெற்ற 14 வயதுக்குட்பட்டோர் போட்டியைப் பார்க்கச் சென்றிருந்தேன். என் அக்காவின் மகன் ஆடினான். எதிர்ப்பக்கச் சிறுவன் ஒரு பந்தை வலையில் அடித்ததும் தன் மட்டையை மூன்று முறை தரையில் ஓங்கி அடித்து முறித்துவிட்டு, நடுவராக அமர்ந்திருந்த இளைஞனை முறைத்துப் பார்த்தான். அவனுடைய தந்தை எழுந்து வந்து, பையிலிருந்து வேறொரு மட்டையை எடுத்து நீட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை.

இதை அவன் எங்கே கற்றான் என்று தேட வேண்டியதில்லை. 2022 பெப்ரவரியில் மெக்சிக்கோவின் அகபுல்கோவில் இரட்டையர் போட்டியில் தோற்ற அலெக்சாண்டர் ஸ்வெரெவ், நடுவர் அமர்ந்திருந்த நாற்காலியை மட்டையால் திரும்பத் திரும்ப அடித்தார். ஒவ்வோர் அடியும் நடுவரின் காலுக்கு மிக அருகில் விழுந்தது. அவரை அந்தச் சுற்றுப்போட்டியிலிருந்து நீக்கினார்கள், 40,000 டொலர் அபராதம் விதித்தார்கள், அங்கு ஈட்டிய பரிசுப் பணத்தையும் பறித்தார்கள். எட்டு வாரத் தடையும் அறிவிக்கப்பட்டது; ஆனால் அது ஒத்திவைக்கப்பட்ட தடை. மார்ச் மாதம் இந்தியன் வெல்ஸில் அவர் வழக்கம்போல ஆடினார். 2019 ஓகஸ்டில் சின்சினாட்டியில் ஒரே போட்டியில் செய்த குழப்பங்களுக்காக நிக் கிர்கியோஸுக்கு 113,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் அவர் நியூயோர்க்கில் ஆடிக்கொண்டிருந்தார்.

பணம் படைத்தவருக்கு இது தண்டனையன்று, வாகனத் தரிப்பிடக் கட்டணம். செலுத்திவிட்டால் மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தலாம். முதன்முறை மட்டையை உடைப்பவர் அந்த கேமை, அதாவது செட்டின் அந்த ஒரு பகுதியை, இழக்க வேண்டும், இரண்டாம் முறை உடைப்பவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே என் முன்மொழிவு. மறுப்பவர்கள் வரலாம்.

செம்மண் தரை எழுதியது:

மறுக்கிறேன். உங்கள் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது. 2025 அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் முதற்சுற்றில் பொன்சியிடம் தோற்ற மெட்வடேவ், ஒரு புகைப்படக்காரர் தரைக்குள் நுழைந்ததை வைத்துக் கூட்டத்தைத் தூண்டிவிட்டதற்கும் பின்னர் மட்டையை நொறுக்கியதற்குமாக 42,500 டொலர் செலுத்தினார். முதற்சுற்றில் தோற்றவருக்கு அங்கே கிடைத்த தொகை 110,000 டொலர். மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலான வருமானத்தை இழப்பது தரிப்பிடக் கட்டணமென்றால், அப்படியொரு தரிப்பிடம் கொள்ளுப்பிட்டியில்கூட இல்லை.

அடுத்து, விதிகள் பெயர் பார்த்து வளைகின்றன என்ற தொனி. 2020 அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் ஜோகோவிச் உலகின் முதல்நிலை வீரர். அந்த ஆண்டில் அதுவரை ஒரு போட்டியிலும் தோற்றிருக்கவில்லை. கரேனோ புஸ்டாவிடம், தான் பந்தைத் தொடங்கி அடிக்கும் ஒரு சேர்விஸ் கேமை இழந்த எரிச்சலில் பின்னால் பாராமல் தட்டிவிட்ட பந்து, பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா என்று சொல்லும் ஒரு கோட்டு நடுவரின் தொண்டையில் பட்டது. வேண்டுமென்று அடிக்கவில்லை என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் போட்டி அந்த இடத்திலேயே முடிந்தது. 250,000 டொலர் பரிசுப் பணமும் தரவரிசைப் புள்ளிகளும் போயின. இதற்கு மேல் என்ன கண்டிப்பு வேண்டும்?

கால்பந்து வீரன் கோபமடைந்தால் தோளில் கைவைத்து இழுத்துச் செல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள். டென்னிஸ் வீரருக்கு எவரும் இல்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து பயிற்றுநர் ஒரு சொல் சொல்வதற்குக்கூட 2025 ஆம் ஆண்டில்தான் விதிநூல் முழுமையாக இடமளித்தது. ஐந்து மணிநேரம் தனியே நின்று, தன் பிழையைத் தானே சுமப்பவர் தன் சொந்த மட்டையை உடைத்தால் நமக்கு என்ன நட்டம்?

இன்னொன்றையும் கேட்கிறேன். 2009 அமெரிக்கப் பகிரங்க இறுதிப்போட்டியில் பெடரர் நடுவரை நோக்கித் தகாத சொல்லைப் பயன்படுத்தினார். 1,500 டொலருடன் அது முடிந்தது. இன்றும் அவர் கனவான். 2018 இறுதிப்போட்டியில் செரீனா வில்லியம்ஸ் நடுவரைத் திருடன் என்றார். ஒரு முழு கேமையும் 17,000 டொலரையும் இழந்தார். இன்றும் சிலருக்கு அவர் அடங்காப்பிடாரி. ஒருவருடைய கோபத்துக்கு வேட்கை என்றும் மற்றவருடைய கோபத்துக்குத் திமிர் என்றும் பெயர் வைப்பது யார்?

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

அந்த 2018 இறுதிப்போட்டி நம் நேரத்தில் ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணியளவில் தொடங்கியது. முழுவதையும் நேரில் பார்ப்பதுபோல் விழித்திருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் கேம் பறிக்கப்படவில்லை. பயிற்றுநர் சைகை காட்டியதற்கு எச்சரிக்கை, மட்டையை உடைத்ததற்கு ஒரு புள்ளி, நடுவரைத் திட்டியதற்கு ஒரு கேம் என்று படிப்படியாக ஏறிய தண்டனை அது. சைகை காட்டியதைப் பயிற்றுநர் மூராடோக்ளூவே பின்னர் ஒப்புக்கொண்டார். நடுவர் கார்லோஸ் ராமோஸ், நடாலிடமும் ஜோகோவிச்சிடமும் மரேயிடமும் இதே கண்டிப்பைக் காட்டியவர்.

எனக்கு அன்று மறக்க முடியாமற்போன முகம் செரீனாவினுடையதன்று. இருபது வயதில் தன் முதலாவது கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை வென்ற நவோமி ஒசாகா, பரிசளிப்பு மேடையில் கூட்டம் கூச்சலிட்டபோது தொப்பியின் விளிம்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். கோபப்பட்டவரின் தனிமையைப் பற்றி இவ்வளவு எழுதும் நீங்கள், வலைக்கு அப்பால் நின்றவரின் தனிமையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஓய்வுபெற்ற கோட்டு நடுவர் எழுதியது:

இருவரும் வீரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பல ஆண்டுகள் கொழும்பில் உள்ளூர்ப் போட்டிகளில் கோட்டருகே நின்ற பெண். கோட்டு நடுவர் பந்தைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறார். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, பந்து வந்து விழும் இடத்துக்கு முன்னரே கண்ணை அங்கு கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருப்போம். புள்ளி முடிந்தவுடன் உடல் தளர்ந்துவிடும். ஜோகோவிச் தட்டிய பந்து வந்தது அப்படிப்பட்ட கணத்தில்தான். அந்தப் பெண் ஏன் விலகவில்லை என்று அன்று இணையத்தில் கேட்டவர்கள் எவரும் ஒரு நாளேனும் அங்கே நின்றிருக்க மாட்டார்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. 1995 விம்பிள்டன் இரட்டையர் போட்டியில் டிம் ஹென்மன் எரிச்சலில் அடித்த பந்து, பந்து பொறுக்கும் சிறுமியின் மீது பட்டது. 2012 இல் லண்டன் குயீன்ஸ் கழக இறுதிப்போட்டியில் நல்பாண்டியன் உதைத்த விளம்பரப் பலகை உடைந்து ஒரு கோட்டு நடுவரின் காலைக் கிழித்தது. 2017 டேவிஸ் கிண்ணப் போட்டியில் பதினேழு வயது ஷபோவலோவ் அடித்த பந்து நடுவரின் கண்ணைத் தாக்கியது. ஜோகோவிச்சையும் சேர்த்தால் நால்வர். எவரும் இன்னாரைத் தாக்க வேண்டுமென்று குறிவைக்கவில்லை. நால்வரும் அந்தக் கணமே போட்டியை இழந்தார்கள். ஆனால் குறிவைத்து நடுவரின் நாற்காலியை அடித்த ஸ்வெரெவின் மட்டை சில அங்குலம் விலகி விழுந்ததால் அவருடைய தடை ஒத்திவைக்கப்பட்டது. அதாவது, நம் விளையாட்டு கோபத்தையும் தண்டிக்கவில்லை, நோக்கத்தையும் தண்டிக்கவில்லை. பந்து எங்கே போய் விழுந்தது என்ற அதிர்ஷ்டத்தைத் தண்டிக்கிறது. தன் காலடியில் மட்டையை உடைப்பவரை நான் பொருட்படுத்துவதில்லை. மனிதர் இருக்கும் திசைக்கு எதையேனும் வீசுபவரை, அது எவர் மீதும் படாவிட்டாலும், அந்த நிமிடமே வெளியேற்ற வேண்டும் என்பேன்.

செரீனாவைப் பொறுத்தவரை 2018 ஐப் பற்றி நாள் முழுவதும் வாதாடலாம். 2009 ஐப் பற்றி வாதாட இடமில்லை. கிளைஸ்டர்ஸுடனான அரையிறுதியில், சேர்விஸ் செய்யும்போது அவருடைய கால் கோட்டைத் தொட்டுத் தவறானதாக அறிவித்த ஒரு கோட்டு நடுவரிடம், பந்தைத் தொண்டைக்குள் திணித்துவிடுவதாக அவர் மட்டையை நீட்டிச் சொன்னார். எதிராளிக்கு அது வெற்றிப் புள்ளியாக இருந்த தருணம். தண்டனைப் புள்ளியுடன் போட்டி முடிந்தது. பின்னர் 82,500 டொலர் அபராதமும் வந்தது. போட்டித்தடை வரவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் அப்படிப் பேசியதைப் பெண்ணுரிமையின் கணக்கில் எழுத என்னால் முடியாது.

செம்மண் தரை எழுதியது:

அம்மா, 2009 பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். திசையைப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் அளவுகோலும் வாசகன் ஐயாவின் முன்மொழிவைவிட நியாயமானது. ஆனால் கோபத்தின் வேரையும் பாருங்கள். 1981 விம்பிள்டன் முதற்சுற்றில் பந்து கோட்டில் பட்டுச் சுண்ணாம்பு பறந்தது என்று மெக்கென்ரோ கத்தியதன் பின்னால், வேகமான பந்தை மனிதக் கண்ணால் எப்போதும் சரியாகக் காண இயலாது என்ற உண்மை இருந்தது. அபராதம் 1,500 டொலர். அவ்வாண்டு பட்டம் வென்றபோதும் போட்டியை நடத்தும் கழகம் வழக்கமான கௌரவ உறுப்புரிமையை அவருக்கு உடனே வழங்கவில்லை. பிற்காலத்தில் அதே கூச்சலை வைத்து விளம்பரங்களில் நடித்துச் சம்பாதித்தார் என்பது வேறு கதை. 2006 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டிக்கு ஹோக்-ஐ முறை வந்து, ஐயமிருந்தால் திரையில் பார்க்கலாம் என்றானதும் கோட்டைப் பற்றிய சண்டைகள் எவ்வளவு தணிந்தன! முறையீடு செய்ய வழி கிடைத்தால் மனிதன் கத்த மாட்டான்.

ஓய்வுபெற்ற கோட்டு நடுவர் எழுதியது:

வழி கிடைத்தது, எங்கள் வேலை போனது. 2025 இல் விம்பிள்டனும் 147 ஆண்டுகால வழக்கத்தைக் கைவிட்டு, இயந்திரத்தை வைத்துக் கோட்டு நடுவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதே ஆண்டில் பாவ்லியுசென்கோவா, சோனே கார்ட்டல் போட்டியில், ஒரு கேமின் முடிவுப் புள்ளியில் தெளிவாக வெளியே விழுந்த பந்தை இயந்திரம் சொல்லவில்லை. இயக்குபவர் தவறுதலாக அந்தப் பகுதியை நிறுத்திவைத்திருந்தார். நடுவர் புள்ளியை மீண்டும் ஆடச் சொன்னார், பாவ்லியுசென்கோவா அந்த கேமை இழந்தார், இயந்திரத்திடம் கத்த முடியாதே என்பதால் நாற்காலியில் இருந்தவரிடம் கத்தினார். செட்டையும் போட்டியையும் அவரே வென்றார் என்பது நல்வாய்ப்பு.

கொட்டாஞ்சேனை இளையவன் எழுதியது:

பெரியவர்கள் மூன்று வேறு விடயங்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்கள்: கோபம், குறும்பு, முயலாமை. கிர்கியோஸ் 2019 இல் நடாலுக்கு எதிராக, தலைக்கு மேல் ஓங்கி அடிக்காமல் கீழிருந்து தட்டிச் சேர்விஸ் செய்தபோது மரியாதையின்மை என்றார்கள். அது முற்றிலும் விதிக்குட்பட்டது. 1989 பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில் தசைப்பிடிப்பால் நிற்க முடியாமலிருந்த மைக்கேல் சாங், லெண்டிலுக்கு எதிராக அதையே செய்தபோது வீரம் என்றார்கள். கிர்கியோஸ் ஆடும் போட்டி என்றால் என் நண்பர்கள் வேலை நாளிலும் விழித்திருக்கிறார்கள். ஒழுக்கசீலர்களின் போட்டிக்கு மறுநாள் முடிவை மட்டும் கேட்கிறார்கள்.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

குறும்பை நான் குற்றம் சொல்லவில்லை, தம்பி. முயலாமையைச் சொல்கிறேன். 2016 ஒக்டோபரில் ஷங்காயில், மிஷா ஸ்வெரெவுக்கு (அலெக்சாண்டரின் அண்ணன்) எதிராக அதே கிர்கியோஸ் சேர்விஸைச் சும்மா தட்டிவிட்டு, பந்து திரும்பி வருமுன்னரே நாற்காலியை நோக்கி நடந்தார். இடைவேளை முடிந்ததென்று அறிவித்தால் ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நடுவரிடம் கேட்டார். சீட்டு வாங்கியவனை இதைவிட அவமதிக்க முடியுமா? எட்டு வாரத் தடை விதித்து, உளவியல் ஆலோசனை பெற்றால் மூன்று வாரம் என்று குறைத்தார்கள்.

செம்மண் தரை எழுதியது:

அந்த ஆலோசனை நிபந்தனையைச் சலுகை என்று படிக்கிறீர்கள். நான் அதை அந்த வழக்கில் எடுக்கப்பட்ட ஒரேயொரு அறிவுள்ள முடிவாகப் படிக்கிறேன். தாம் மனச்சோர்வில் உழன்றதையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதையும் அவர் 2022 இல் வெளிப்படையாக எழுதினார். முயலாமை என்று நாம் பெயரிட்டது சில வேளைகளில் இயலாமை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2021 பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில், மனநலத்தைக் காரணங்காட்டி ஊடகச் சந்திப்புக்கு வர மறுத்த ஒசாகாவுக்கு, ஆம், நீங்கள் பரிவுடன் எழுதிய அதே ஒசாகாவுக்கு, 15,000 டொலர் அபராதம். நடுவரைக் கொச்சையாகப் பேசிய பெடரருக்கு 1,500. பேசாமல் இருந்ததற்குப் பத்து மடங்கு! அபராதப் பட்டியல் காப்பது நாகரிகத்தையன்று, வியாபாரத்தை.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

ஆண்டுகளும் வேறு, விதிப்பிரிவுகளும் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமன்று. ஆயினும் அந்த 15,000 ஐ என்னாலும் நியாயப்படுத்த முடியவில்லை. என் முன்மொழிவைத் திருத்துகிறேன்: தன் காலடியில் உடைத்தால் இப்போதுள்ள எச்சரிக்கையும் புள்ளியிழப்பும் இருக்கட்டும், மட்டையோ பந்தோ கையைவிட்டு மனிதர் இருக்கும் பக்கம் பறந்தால் நேரடித் தகுதிநீக்கம். ஆனால் சிறுவர் போட்டிகளில் நான் இறங்கி வர மாட்டேன். அங்கே உடைப்பதும் கூடாது.

ஓய்வுபெற்ற கோட்டு நடுவர் எழுதியது:

சிறுவர் போட்டிகளில் விதியை யார் நடைமுறைப்படுத்துவது, ஐயா? நீங்கள் சொன்ன அந்த இளைஞன் பெரும்பாலும் அதே கழகத்தில் பயிலும் மூத்த மாணவனாக இருப்பான். மதியச் சாப்பாட்டுப் பொதியைத் தவிர வேறு ஊதியம் இராது. நான் ஒருமுறை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு புள்ளியைக் குறைத்தேன். மட்டையை வேலி மீது எறிந்திருந்தான், வேலிக்கு அப்பால் குழந்தைகள் நின்றார்கள். அவனுடைய தந்தை ஏற்பாட்டாளர்களிடம் பேசினார். அடுத்த வாரம் எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வாய் திறக்கவில்லை என்று எழுதினீர்கள். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

இருந்தேன். அக்காவின் மகனுடைய போட்டியில் நான் பேசினால் பக்கச்சார்பு என்பார்கள் என்று நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது அது அவ்வளவு நல்ல காரணமாகத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை இளையவன் எழுதியது:

ஒரு சந்தேகம். கொழும்பு வியர்வையில் மட்டை தானாகவே கையிலிருந்து நழுவிப் பறப்பதுண்டு. எனக்கே இருமுறை நடந்திருக்கிறது. ஒருமுறை அது நடுவரின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. உங்கள் புதிய விதியின்படி நானும் வீட்டுக்கா?

ஓய்வுபெற்ற கோட்டு நடுவர் எழுதியது:

இல்லை, மகன். நழுவிய மட்டை அடிக்கும் வீச்சின் நடுவில் போகும், எறிந்த மட்டை புள்ளி முடிந்த பிறகு போகும். மேலும், நழுவவிட்டவன் உடனே நடுவரின் முகத்தைப் பார்ப்பான். எறிந்தவன் பார்க்கவே மாட்டான்.