‘வோல்டேஜ் டிராப்’: பட்டறைக்கு ‘வழியிழப்பு’ பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் வாகன மின்னியல் சொற்பட்டியலில் ‘வோல்டேஜ் டிராப்’ என்பதற்கு ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்று போட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். பள்ளி இயற்பியலில் அது ஊன்றிவிட்ட சொல். அங்கே அதை அசைக்க வேண்டியதில்லை. ஆனால் பழுது பார்க்கும் இடத்தில் அந்தச் சொல் பயிற்சி மாணவரைத் தவறான பாகத்தை நோக்கி அனுப்பிவிடுகிறது. அதனால் அந்த ஒரு பயன்பாட்டுக்குத் தனிச்சொல் வேண்டும் என்கிறேன். என் பரிந்துரை ‘வழியிழப்பு’: பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வழியில் கேபிளிலும் இணைப்புகளிலும் வீணாகும் வோல்ட்.

ஒரு பழைய அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் சொலினாய்டு (மோட்டாருக்கு ஓட்டத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) ‘டக்’ என்கிறது, இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. அல்லது சோம்பலாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. மாணவர் பேட்டரியில் மீட்டர் வைக்கிறார், 12.6 வோல்ட் காட்டுகிறது. செல்ஃப் மோட்டார் முனையில் டெஸ்ட் லைட்டை வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்கிறார், விளக்கு எரிகிறது. ‘கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது’ என்று முடிவு கட்டி மோட்டாரைக் கழற்றிவிடுகிறார். மேசைமேல் வைத்து நேரடியாக பேட்டரி கொடுத்தால் அது நன்றாகச் சுற்றுகிறது!

இங்கே நடப்பது என்ன? டெஸ்ட் லைட் எரிய அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. செல்ஃப் மோட்டாரோ இழுக்கும்போது 150, 200 ஆம்பியர் கேட்கிறது. பச்சை பூத்த டெர்மினலில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.01 ஓமை ஓம்மீட்டரும் காட்டாது, ஏனெனில் மீட்டரின் சொந்த வயர்களின் தடையே அதைவிட அதிகம். மின்னோட்டம் இல்லாத நேரத்தில் அந்த இழப்பு இருப்பதே இல்லை. தடித்த கேபிளில் ஒற்றை இழை மட்டும் அறாமல் இருந்தாலும் மறுமுனையில் மீட்டர் முழு 12.6 வோல்டைக் காட்டும்.

ஆகவே சோதனையைச் சுமையோடு, அதாவது செல்ஃப் மோட்டார் ஓட்டத்தை இழுக்கும்போதே, செய்ய வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பாகம்) மூடியின் நடுவில் வரும் காயில் வயரைக் கழற்றி, இன்ஜின் உலோகத்தோடு இணைத்து எர்த் செய்துவிடுங்கள். காயில் என்பது பொறிக்கான உயர் அழுத்தத்தை உருவாக்கும் சுருள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் தண்டில் இருக்கட்டும். கிளாம்ப்பில் வைத்தால் தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே உள்ள பழுது தப்பிவிடும். மறுமுனை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். ஒருவர் சாவியைத் திருப்ப, மீட்டரில் அரை வோல்டுக்கு மேல் வந்தால் அந்தப் பாதையில் கோளாறு. பிறகு ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போகலாம். ஓட்டம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பக்கமும் இதே கதைதான்: நெகட்டிவ் தண்டிலிருந்து மோட்டாரின் உடல்வரை 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இன்ஜின் ரப்பர்மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை அறுந்துவிட்டால் ஓட்டம் வேறு வழி தேடும். அது சோக் கேபிள் வழியே போய், அந்தக் கேபிள் சூடாகிப் புகைந்தால் முதலில் அந்தப் பட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதக் காரணம், நம் சொல் இந்தச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பதுதான். ‘மின்னழுத்தம் வீழ்ந்துவிட்டது’ என்றதும் மாணவர் மனம் பேட்டரிக்கு ஓடுகிறது. வீட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் ‘வோல்டேஜ் டிராப்’ என்கிறோமே, அந்தப் பொருள்தான் ஊரில் வேரூன்றியிருக்கிறது. ஆகவே ‘கடன்சொல்லையே வைத்துக்கொள்வோம், எல்லோருக்கும் தெரியும்’ என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. தெரிந்திருப்பது வேறொரு பொருளில். செல்ஃப், காயில், எர்த், பாயின்ட் ஆகியவை அப்படியல்ல. அவை ஒரே பொருளைச் சுட்டுகின்றன, அவற்றை மாற்ற நான் கேட்கவில்லை.

‘இடையிழப்பு’ என்று ஒருவர் முன்வைத்தது மிக நெருங்கி வந்தது. மீட்டரின் இரு முனைகளுக்கு இடையே இழப்பது என்ற கருத்து துல்லியம். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சில் ‘இடை’ ‘எடை’யாகிவிடும், பட்டறையில் உடல் இளைப்பதைப் பற்றிப் பேசுவதாகக் கேட்கும். பயிற்சிக் கூடத்தில் சொற்கள் பெரும்பாலும் காதால்தான் பரவுகின்றன என்பதால் இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

‘வழியிழப்பு’ வழிச்செலவு என்பதைப் போல அமைந்த சொல். ஊர் போய்ச் சேருவதற்குள் கையிலிருந்து போவது வழிச்செலவு. செல்ஃப் மோட்டாரைச் சேருவதற்குள் போகும் வோல்ட் வழியிழப்பு. ‘எர்த் பக்க வழியிழப்பு’, ‘வழியிழப்புச் சோதனை’ என்று கூட்டுச்சொற்களும் இடறாமல் வருகின்றன. ‘வழியை இழத்தல்’ என்று பொருள்படாதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நாம் ‘வழிதவறுதல்’ என்றே சொல்கிறோம், எனவே மோதல் இல்லை.

வலுவான எதிர்ப்பு ஒன்று வந்திருக்கிறது: விளக்கிலும் மோட்டாரிலும் அழுத்தம் குறைவது பயனுள்ள வேலைக்காக, அதை எப்படி இழப்பு என்பது? சரியான கேள்வி. அதனால்தான் பொதுச்சொல்லாக ‘மின்னழுத்த வீழ்ச்சி’ இருக்கட்டும், அதற்குள் கேபிள், இணைப்பு, சுவிட்ச் ஆகியவற்றில் வீணாகும் பகுதிக்கு மட்டும் ‘வழியிழப்பு’ என்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. நாமும் அப்படிக் கலந்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த வரையறையைப் பற்றவைப்பு மின்சுற்றிலும் உரசிப் பார்த்தேன். காயிலின் ஓட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைதான் பாயின்ட். மூடிய பாயின்ட்டின் குறுக்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் நின்றால் அது வழியிழப்பு. பாயின்ட் கருகியிருக்கும், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரின் உள் எர்த் வயர் நைந்திருக்கும். லூகாஸ் நிறுவனத்தின் வயர் வண்ண முறையில் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வெள்ளை வயரில் வோல்ட் குறைந்தாலும் அப்படியே. ஆனால் சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் தடை உண்டு. அது வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைக்கிறது. செல்ஃப் சுற்றும்போது மட்டும் விலக்கப்பட்டு, காயிலுக்கு முழு பேட்டரி அழுத்தமும் போகிறது. செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் அந்தத் தடை அறுந்திருக்கலாம். அதன் குறுக்கே இருப்பதை வழியிழப்பு என்று நான் சொல்லமாட்டேன், அது வடிவமைத்தவர் வைத்த வீழ்ச்சி.

அந்தப் பாகத்துக்கு ‘தணிப்புத் தடை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘நிலைப்புத் தடை’ என்றும் ஒரு குரல் இருக்கிறது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் வழியிழப்பைப் பற்றி முதலில் சொல்லுங்கள். தணிப்பா நிலைப்பா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.